கடைசிப் பதினாறு பக்கங்கள்

சங்கர்,

போன செவ்வாய்க்கிழமை உன் பார்சல் வந்தது. நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். "பிரிக்காதம்மா. அப்படியே சித்தப்பா கடையில குடுத்துரு. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவீங்கல்லா, அப்பக் கொண்டுபோனாப் போதும்" என்றாய். பார்சலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் புத்தகத்தின் பெயர் இருந்தது. அதே காமிக்ஸ். பனிமலைக் கோட்டையில் அடைபட்ட தம்பியைத் தேடிப் போகும் குதிரைவீரன் கதை. "இது எத்தனாவது தடவை?" என்று கேட்டேன். "மறுபதிப்புல நாலாவது. இந்தத் தடவை பெட்டியோட வருது" என்று சிரித்தாய். வழக்கமாக இந்த இடத்தில் நான் குத்தலாக ஏதாவது சொல்வேன். அன்று சொல்லவில்லை. "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்று நீ இரண்டு தடவை கேட்டாய்.

இருந்தேன். பேச வரவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவள்தான் நான். சொந்த விஷயம் என்றால் இரண்டு வாக்கியத்துக்குமேல் எனக்கு ஓடாது. அதனால்தான் எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். இதைச் சொல்லாமல் மணவறையில் உன் பக்கத்தில் வந்து நிற்க என்னால் முடியாது. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் இதைப் படிக்கட்டும். மாமியார் எப்படிப்பட்டவள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லதுதான். சித்தப்பாவோடு காமிக்ஸ் சேர்க்கிற கூட்டாளிகளுக்கும் இதன் நகலை அனுப்பப் போகிறேன். பழி நாலு பேர் முன்னால் விழுந்தது. அது நீங்குவதும் நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும்.

முதலில், நீயும் நானும் வருடக்கணக்காகப் போட்டுவரும் சண்டையைப் பேசிவிடுகிறேன். முதல் மறுபதிப்பு வந்தபோது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடித்து அதை வாங்கினாய் என்று பிறகு உன் அறைத்தோழன் சொல்லித்தான் தெரிந்தது. பழைய கையடக்கப் புத்தகத்தைப் பெரிதாக்கி, வெள்ளைத் தாளில் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து வண்ணத்தில் வந்தது. பிறகு கெட்டி அட்டையில், இன்னொரு கதையையும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன்: "கதை மாறியிருக்கா? இல்லல்லா? பின்ன எதுக்கு?" நீ காரணம் அடுக்குவாய். மொழிபெயர்ப்பைத் திருத்தியிருக்கிறார்கள், முன்பு இடமில்லாமல் வெட்டிய படங்களை முழுதாகப் போட்டிருக்கிறார்கள், கடைசியில் ஓவியரைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது. ஒரு தடவை எனக்குக் கோபம் வந்து, "ஒரே மாப்பிள்ளைக்கு நாலு சட்டை போட்டுக் காட்டுதாங்க, நீயும் நாலு தடவை மொய் வைக்க" என்றேன். நீ அசரவில்லை. "உன் பீரோவுல ஒரே பெரணி ஏழு ஷீட்ல ஒட்டி வச்சிருக்கியே. ஒண்ணு போதாதா?" என்று கேட்டாய்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. என் எம்.ஃபில். ஆராய்ச்சிக்காகக் குற்றாலத்து மலையில் பொறுக்கிய பெரணிகள் அவை. ஒவ்வொரு தாளிலும் எந்த இடத்தில், எந்த மாதம், எந்த உயரத்தில் எடுத்தது என்று சீட்டு இருக்கிறது; ஏழும் ஏழு வேறு செடிகள் என்று உனக்குப் பாடம் எடுத்தேன். "இதுவும் அப்படித்தாம்மா" என்றாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பதிப்பகத்தார் பிழைப்புக்குச் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. பழைய புத்தகம் கிடைக்காத புதுப் பையன் ஒருவன் முதல்முதலாகப் படிப்பானே, அவனுக்கு மறுபதிப்பு வேண்டும். ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே மூன்று பிரதி வைத்திருக்கிறவர்கள். விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் அடுக்குகிறார்கள். படிக்காத புத்தகத்துக்கு மொழிபெயர்ப்பு திருந்தினால் என்ன, திருந்தாவிட்டால் என்ன? இதெல்லாம் நான் சொன்னவைதான். இன்றைக்கும் இவற்றில் பெரும்பகுதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நான் உன்னிடம் கேட்டதே இல்லை. மற்றக் கதைகளை எல்லாம் ஒரு தடவையோடு விடுகிறவன், சிலவற்றை வாங்காமலே இருக்கிறவன், இந்த ஒரு கதையை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறாய்? கேட்காததற்குக் காரணம் உண்டு. பதில் எனக்குத் தெரியும்.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருடம் அது. அப்பா ராணுவத்தில் வடக்கே இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். வீட்டுக்கு வந்துபோகிற ஆண் என்றால் அப்பாவின் தம்பி, உன் வேலுச் சித்தப்பாதான். சீசன் நாட்களில் குற்றாலத்தில் பழக்கடை, மற்ற மாதங்களில் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், சம்பாதிப்பதைப் பழைய காமிக்ஸில் போடுகிறார் என்று எனக்கு அவர்மேல் ஓர் இளக்காரம் இருந்தது. அதை நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புத்தகம் தருவார். அடுத்த ஞாயிறு திருப்ப வேண்டும். சாப்பிட்டுக்கொண்டு படிக்கக் கூடாது, அட்டையைப் பின்னால் மடிக்கக் கூடாது, வேறு யார் கையிலும் தரக் கூடாது. நீ அந்த விதிகளைப் பரீட்சை அட்டவணையைவிட ஒழுங்காகக் காப்பாற்றினாய். அது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

பொங்கல் விடுமுறையில் அந்தப் பனிமலைக் கதை வந்தது. பழைய அச்சு, கையடக்கப் புத்தகம், கறுப்பு வெள்ளை. அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து நீ படிப்பதை நான் பார்த்தேன். புத்தகத்தைப் பிடுங்கியிருக்கலாம், எல்லா அம்மாவும் அதைத்தான் செய்வார்கள். நான் படித்தவள் அல்லவா, புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். தண்டிலும் வேரிலும் மெல்லிய வெட்டு எடுக்க ஆய்வகத்தில் வைத்திருக்கும் பிளேடு ஒன்று என் பையில் இருந்தது. அதை எடுத்து, கடைசி எட்டுத் தாளை, பதினாறு பக்கத்தை, முதுகை ஒட்டி அறுத்தெடுத்தேன். பிசிறே இல்லை. "மிச்சத்தைப் படிச்சுக்கோ. முடிவு பரீட்சைக்குப் பிறகு. கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு ஒட்டித் தாரேன்" என்றேன். ஆசையைத் தள்ளிப்போடப் பழக்குவதாக எனக்குள் ஒரு விளக்கமும் வைத்திருந்தேன்.

நீ கத்தவில்லை. "அம்மா, இது சித்தப்பா புக்கும்மா. ஞாயித்துக்கெழம குடுக்கணும்" என்று மட்டும் சொன்னாய். புத்தகம் இன்னொருவருடையது என்பது அந்த நிமிடம்வரை என் புத்தியில் ஏறவே இல்லை என்று சொன்னால் நம்புவாயா? எனக்கு அது ஒரு குப்பைத்தாள் புத்தகம், அவ்வளவுதான். ஆனாலும் பின்வாங்காமல், "அவருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ பயப்படாத" என்றேன். நீ தலையாட்டினாய். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி, வெட்டுப்பட்ட புத்தகத்தையே அந்த வாரம் படித்து முடித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தனியாக வரவில்லை. அச்சன்புதூர் அண்ணாச்சி ஒருவரும், திருவேங்கடத்துப் பக்கமிருந்து இன்னொருவரும் கூட வந்திருந்தார்கள். அவர்களும் சேகரிப்பவர்கள். அந்தக் காமிக்ஸ் இதழை ஒன்றாம் எண்ணிலிருந்து ஒன்றுகூட விடாமல் வைத்திருக்கிறவர் இந்த வட்டாரத்தில் சித்தப்பா ஒருவர்தானாம். அந்த வரிசையில் இந்த இதழைப் பார்க்கவென்றே அச்சன்புதூர்க்காரர் வந்திருந்தார். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. நீ புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது தெரிந்தது. பிறகு சித்தப்பாவின் குரல்.

"ஏலே, கடைசிப் பக்கமெல்லாம் எங்கலே?"

நீ அடுக்களைக் கதவைப் பார்த்தாய். அதை நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அச்சன்புதூர் அண்ணாச்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். "அடப்பாவி, பிளேடு வச்சு அறுத்திருக்கான். படத்த வெட்டி ரெக்கார்டு நோட்டுல ஒட்டிட்டானோ? டீச்சர் மவன்லா" என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை. என் பழைய பிளேடுகளால் நீ பென்சில் சீவுவது அவருக்குத் தெரியும். "நீதான் வெட்டுனியா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் நாலடி எடுத்து வைத்திருந்தால் போதும். கதவைத் திறந்து, "வேலு, வெட்டுனது நான்" என்று சொல்லியிருந்தால் போதும். முந்தின வாரம்தான் அவரிடம், "இந்த வயசுல படம் பாத்துப் படிக்கிதது என்ன பழக்கம்?" என்று நான் கேட்டிருந்தேன். இரண்டு வெளியாட்கள் முன்னால், கல்லூரி ஆசிரியை, அடுத்தவர் புத்தகத்தைப் பிளேடு வைத்து அறுத்தவளாக நிற்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கிற்று. நான் அடுப்பை அணைத்தேன். டம்ளர்களில் டீ ஊற்றினேன். "சங்கர், இங்க வா" என்று கூப்பிட்டு, தட்டை உன் கையில் கொடுத்து அனுப்பினேன். நீ என் கண்ணைப் பார்த்துத் தட்டை வாங்கினாய். உள்ளே போய் அவர்களுக்குக் கொடுத்தபடியே, "ஆமா சித்தப்பா, நான்தான்" என்றாய்.

"இனி புக்குன்னு சொல்லி எங்கிட்ட வந்து நிக்காதலே" என்றார் அவர். டீயைக் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் உன்னிடம், "பரீட்சை முடியட்டும், அவருகிட்ட நான் பேசுதேன்" என்றேன். நீ வரைபடத் தாளில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டே, "வேண்டாம்மா. நீ போய்ச் சொன்னா அவரு இனிமே வீட்டுக்கு வரமாட்டாரு. அப்பாவும் ஊர்ல இல்ல" என்றாய். பதினைந்து வயதில் நீ இதையெல்லாம் யோசித்திருக்கிறாய். நான் உன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நீதானே வேண்டாம் என்றாய் என்று பதினொரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிப் பரீட்சை முடிந்தது. நீ முடிவைக் கேட்கவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை. பக்கங்கள் என் இரும்பு பீரோவில், பெரணித் தாள்களுக்கு நடுவில், பூச்சிமருந்து உருண்டை வாசத்தோடு தட்டையாகக் கிடந்தன. செடியைப் பதப்படுத்தும் முறையில் அவற்றையும் பத்திரமாகவே வைத்திருந்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கத் துணிவும் வரவில்லை.

பதிலுக்கு வேறென்னவெல்லாமோ கொடுத்தேன். அந்தக் கோடையில் கியர் சைக்கிள். நீ கேட்டது சாதாரணச் சைக்கிள்தான். கல்லூரிக்குப் போகும்போது லேப்டாப், வேலை கிடைத்ததும் கைக்கடிகாரம். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது, இதோடு சரியாகிவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு, நானும் மறுபதிப்பாகவே மேலும் மேலும் நல்ல தாளில் அச்சடித்துக்கொண்டிருந்தேன். நீ மறுபதிப்பு மறுபதிப்பாக வாங்கிச் சித்தப்பாவுக்குக் கொடுத்தாயே, அதையேதான் நானும் உனக்குச் செய்திருக்கிறேன். வித்தியாசம் ஒன்றுதான். நீ செய்யாத தப்புக்குச் செய்தாய்.

ஒவ்வொரு மறுபதிப்பும் குற்றாலத்துக்குத்தான் போகிறது என்பது எனக்கு இரண்டாவது தடவையே தெரிந்துவிட்டது. லீவில் வந்தவன் காலையில் புத்தகத்தோடு பஸ் ஏறினாய், வெறுங்கையோடு திரும்பினாய். அப்போதும் நான் உன்னிடம், "வெட்டிச் செலவு" என்றேன். வெட்டியது யார் என்று தெரிந்தே சொன்ன வார்த்தை அது.

புதன்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "இத்தன வருசமாவா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "பத்திரிகையோட போகாத. மொதல்ல இதக் கொண்டு குடுத்துட்டு வா. தனியாப் போ" என்றார். வியாழக்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு ஃபைலில் அந்த எட்டுத் தாளையும், கையில் உன் பார்சலையும் எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். நல்ல சாரல். பஸ் முழுக்க எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாகக் கூட்டம்.

கடையில் சித்தப்பா மங்குஸ்தானை நசுக்கிப் பார்க்கிற ஒரு வெளியூர்க்காரரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அழுத்தாதிங்க. அழுத்துனா அதுக்கும் சேத்து நீங்கதான் குடுக்கணும்" என்றார். என்னைப் பார்த்ததும், "வாங்க மைனி. என்ன தனியா? பத்திரிகையா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "பத்திரிகை இல்ல. இது" என்று ஃபைலை நீட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தார். முதல் தாளைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தாளாக விளிம்பைப் பிடித்துப் புரட்டினார். எட்டும் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கன கெடச்சிது?"

"எங்கிட்டத்தான் இருந்தது."

"எப்பலருந்து?"

"அன்னைலருந்து. அவன் வெட்டல வேலு. வெட்டுனது நான். பரீட்சைக்குப் படிக்க மாட்டேங்கான்னு வெட்டுனேன். உங்ககிட்ட நானே சொல்லுதேன்னு அவன்கிட்ட சொன்னேன். சொல்லல."

ஒரு பெண்மணி ரம்புட்டான் விலை கேட்டார். சித்தப்பா விலையைச் சொன்னார், நிறுத்துக் கொடுத்தார், மீதிச் சில்லறை கொடுத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"மைனி, அன்னைக்கு நீங்க வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? ரெண்டு நாளு ஏசியிருப்பேன். மூணாம் நாளு மறந்திருப்பேன். ஒரு சின்னப்பயல இத்தன வருசம் களவாணியாட்டும் பாத்துட்டேனே. எங்க ஆளுக அத்தன பேருகிட்டயும், அவன் கையில புக்கு குடுக்காதிங்கன்னு நாந்தான் சொல்லி வச்சேன். அத எப்படி மைனி திரும்ப எடுக்க?"

"நான் சொல்லுதேன்" என்றேன். "எப்ப?" என்று கேட்டார். அந்த 'எப்ப' எனக்கு உறைத்தது. அவரே உடனே போனை எடுத்து அச்சன்புதூர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, என் முன்னால் நீட்டினார். பழக்கூடைகளுக்கு நடுவில், வாங்க வந்தவர்கள் பார்க்க, நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். "டீச்சரா வெட்டுனது? நானும் யோசிச்சேன், பத்தாங்கிளாஸ் பய இவ்வளவு நேரா வெட்டுதானேன்னு" என்றார் அண்ணாச்சி. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அந்தப் பயல நான் ரெக்கார்டு நோட்டுன்னு கேலி பேசுனேன். அவன் எனக்கு டீ கொண்டாந்து குடுத்தான்" என்றார். மறந்திருப்பார்கள் என்று நான் நினைத்தது எதையும் யாரும் மறக்கவில்லை.

சித்தப்பா கடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போய்த் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பத்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டது. அந்தப் பனிமலைக் கதை நடுவில் இருந்தது. கதை அறுபட்ட இடத்தில் எட்டு வெள்ளைத் தாள்கள். "பைண்டிங் பண்ணும்போது வெத்துத்தாள் வச்சுக் கட்டச் சொன்னேன். என்னைக்காவது எங்கனயாவது கெடச்சா வைக்கலாம்னு" என்றார். என் தாள்களை அதன் மேல் வைத்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. தைத்த பிறகு மூன்று பக்கமும் விளிம்பு சீவியிருக்கிறார்கள். என்னுடையவை நகக்கண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குற்றாலத்து ஈரத்தில் அவர் புத்தகம் டீக் கறை நிறத்துக்கு வந்துவிட்டது. பீரோவில் கிடந்தவை இன்னும் வெளுப்பாகவே இருந்தன. ஒரே நாளில் அச்சான தாள்கள் என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். "ஓரத்தச் சீவுனா உக்காந்துரும். இன்னொரு தடவ வெட்ட மனசில்ல" என்றார்.

பிறகு உன் பார்சலை வாங்கி, அறை அலமாரியில் வைக்கப் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். நீ கொடுத்த மூன்றும் அங்கே வரிசையாக இருந்தன. மூன்றும் கண்ணாடித்தாள் உறை பிரிக்காமல். எனக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிக்காமலா? நல்லாத்தான் போட்டிருப்பான். கதை எனக்குத் தெரியும் மைனி, கதைக்காகவா வச்சிருக்கேன்? அவன் பிரிக்காமக் கொண்டாந்தான். நானும் பிரிக்கல. போன தடவ வந்தப்பக் கேட்டேன், நீ படிச்சியாலே, முடிவு எப்படின்னு. இல்லன்னான். மூணு புக்கு வாங்கியிருக்கியே, ஒண்ணப் பிரிச்சுப் படிச்சா என்னான்னேன். 'நீங்க குடுத்தாத்தான் சித்தப்பா படிப்பேன்'ன்னான். நான் பேசாம ரம்புட்டான் ஒரு கிலோ கட்டிக் குடுத்து அனுப்பிட்டேன்."

நீ கொண்டுவந்த அந்த ரம்புட்டானை நான் சாப்பிட்டிருக்கிறேன், சங்கர். நல்ல ருசி என்றுகூடச் சொன்னேன்.

நீ வாங்கிய எந்தப் புத்தகத்தின் முடிவையும் நீ படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. அட்டை, தாள், மொழிபெயர்ப்பு என்று என்னிடம் நீ அடுக்கிய காரணங்கள் எல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துச் சொன்னவை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த வயதில் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதும் சந்தேகம்தான். இருந்தாலும் அம்மா என்பதால் இரண்டு சொல்கிறேன். பிடித்த கதை நல்ல தாளில் வந்தால் வாங்கு. இரண்டாவது தடவை வந்தாலும் படிக்க ஆசை இருந்தால் வாங்கு. உன் பிள்ளைக்கென்று ஒன்று எடுத்து வைத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பதிப்பகம் பிழைத்துக் கிடந்தால்தான் புதுக் கதையும் வரும் என்று நீ சொன்னதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் பட்ட பழியைத் துடைக்க ஒரு புத்தகமும் வாங்காதே. அதற்கு எத்தனை பதிப்பு வந்தாலும் போதாது. பதிப்பகத்தாரால் அதை அச்சடிக்க முடியாது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தர வேண்டும்.

இன்னொன்று, கல்யாணத்துக்குப் பிறகுள்ள வாழ்க்கைக்கு. அடுத்தவர் மேல் விழ வேண்டிய பழியை நீ ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடு. அது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதனால் நீ கெட்டாய், சித்தப்பா கெட்டார். நான்தான் சௌகரியமாக இருந்தேன். உன் மனைவி தப்புச் செய்தால் அவளையே சொல்ல விடு. நீ செய்தால் நீயே சொல். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதே.

என்னை மன்னித்துவிட்டேன் என்று போனில் சொல்லிவிடாதே. நீ சட்டென்று சொல்லக்கூடியவன். அதனால்தான் சொல்கிறேன். கொஞ்சம் கோபப்படு. பதினைந்து வயதில் பட்டிருக்க வேண்டிய கோபம் எங்கேயாவது மிச்சம் இருந்தால் அதை எடு. நான் தாங்கிக்கொள்வேன்.

சித்தப்பாவுக்குப் பத்திரிகை நாங்கள் வைக்க வேண்டாமாம். நீ கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்குவாராம். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அந்தத் தடித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கையில் கொடுத்தார். வெற்றுத் தாள்கள் ஒவ்வொன்றோடும் என் எட்டுத் தாளை ஒவ்வொன்றாகச் செருகியிருந்தார். பத்து இதழ்கள் உள்ள தொகுப்பை அவர் யாருக்கும் வெளியே தந்ததில்லை என்று எனக்குத் தெரியும். "அவன் வாரப்பக் குடுங்க. படிச்சுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம அவன் கையால திருப்பிக் கொண்டாரணும். சாப்பிட்டுக்கிட்டுப் படிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்து, "வேற யாரு கையிலயும் குடுக்கக் கூடாது. அது உங்களுக்கும் சேத்துத்தான் மைனி" என்றார்.

புத்தகம் இப்போது சாப்பாட்டு மேஜையில் இல்லை. உன் அறையில், உன் பழைய மேஜையில், துணி விரித்து வைத்திருக்கிறேன். பதினொரு வருடம் அந்தப் பதினாறு பக்கங்களும் என் கையில் இருந்தன. ஒரு நாளும் நான் படித்ததில்லை. அந்தத் தம்பி கோட்டையிலிருந்து வெளியே வந்தானா இல்லையா என்று எனக்கும் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது. ஆனால் கொடுத்தவரின் விதி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வா. நீ படித்து முடி. அதற்குப் பிறகும் உனக்கு மனம் இருந்தால், முடிவை எனக்கு உன் வாயால் சொல்.

அம்மா